பானட்டுக்குள் வைர அட்டிகை

பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் தன் காருக்கு டர்போ மாட்டியிருக்கிறான் என்று சொன்னால் கேட்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. "யார் வீட்டுப் பணம்?" என்று கேட்பவர்கள் இன்னொரு கட்சி. நானும் ரோஹிணியும் இரண்டாவது கட்சி. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு எங்களுக்கு ஃபீஸ் வேறு தருகிறார்கள்.

ரோஹிணி முன்பு மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மோதாத காரை மோதியதாகச் சொல்லிப் பணம் கேட்கும் கனவான்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பவானிபூரில் ஒரு மிட்டாய்க் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். பிறந்து வளர்ந்தது எல்லாம் கொல்கத்தா. நான் கோபு, அவளுடைய அசிஸ்டெண்ட். டீ வாங்குவது முதல் கதவிடுக்கில் காது வைப்பது வரை என் இலாகா.

அன்று மகாளய அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. பாலிகஞ்சில் ஒரு கம்பெனி ஃபிளாட்டின் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். கொலுப்படி பாதி கட்டியபடி நின்றது. பொம்மைகள் இன்னும் பழைய பேப்பரை விட்டு வெளியே வரவில்லை. எங்களைக் கூப்பிட்டது வீட்டுக்கார மாமி ஜகதாம்பாள். அழுது முடித்த முகம், ஆனால் குரல் அழவில்லை.

"நாளைக்கு நவராத்திரி முதல் நாள், போட்டுக்கலாம்னு பீரோவைத் திறந்தேன். வெல்வெட் பெட்டி இருக்கு, வைர அட்டிகையைக் காணோம். எங்கம்மா போட்டுண்டது. எனக்குன்னு இருக்கற ஒரே நகை அதுதான், மத்ததெல்லாம் இவர் ஆத்துல போட்டது."

"கடைசியா எப்போ பாத்தீங்க மாமி?"

"பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்குப் போட்டுண்டு, அன்னிக்கே உள்ள வெச்சுட்டேன். அதுக்கப்புறம் வீட்டைப் பூட்டிண்டு நான் வெளியில போனது ஒரே நாள். பதினேழாம் தேதி, சால்ட் லேக்ல ஒரு சீமந்தம்."

"கேஸ் ரொம்ப சிம்பிள் மேடம்" என்று குறுக்கே வந்தார் மாமியின் கணவர் அனந்தகிருஷ்ணன். அரசுக் கம்பெனி ஒன்றில் ஜெனரல் மேனேஜர். ஜூன் மாதம்தான் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். மனைவியிடம் பேசினாலும் ஸ்டெனோவுக்கு டிக்டேஷன் கொடுப்பது போலத்தான் பேசினார். "பதினேழாம் தேதி நான் ஆபீஸ்ல. இவ சால்ட் லேக்ல. பையன் தீபக் காலேலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் டாலிகஞ்ச் கராஜ்ல. அவன் காருக்கு அன்னிக்குத்தான் டர்போ மாட்டினா, பக்கத்துலயே நின்னு பாத்துண்டிருந்தான். வீட்டோட இன்னொரு சாவி இருக்கறது டிரைவர்கிட்ட மட்டும். அன்னிக்குன்னு பாத்து அவன் லீவு."

டிரைவர் மது வாசல் கதவை ஒட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாற்பது வயசிருக்கும். அப்பா தமிழ்நாட்டிலிருந்து துறைமுக வேலைக்கு வந்த காலத்திலிருந்து டாலிகஞ்ச் காலனிவாசி. இஸ்திரி போட்ட சட்டையின் காலர் மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. மேஜை மேல் போலீஸுக்கு டைப் அடித்த கம்ப்ளெயிண்ட், அவர் பெயர் போட்டுத் தயாராக இருந்தது. சாயங்காலத்துக்குள் நகை வராவிட்டால் அது ஸ்டேஷனுக்குப் போகும். போனால் அவருடைய வேலை போகும், காலனியில் அவர் பெயரும் போகும்.

"அன்னிக்கு எங்க போனீங்க மது-தா?" என்றாள் ரோஹிணி. இந்த ஊரில் 'தா' என்றால் அண்ணா.

"பூஜை மேடம். வண்டிக்கு, டூல்ஸுக்கு எல்லாம் பூஜை. எங்க தெரு கராஜ்ல நான்தான் எல்லாருக்கும் கிச்சுரி, அதான் அரிசி பருப்புக் கிச்சடி, கிளறினேன். உப்பு போட மறந்துட்டேன். எல்லாரும் திட்டினாங்க."

அனந்தகிருஷ்ணன் சிரித்தார். ஜெனரல் மேனேஜர்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒரு சிரிப்பு வைத்திருக்கிறார்கள்.

"கேட்டேளா? வண்டிக்குப் பூஜையாம்! ஆயுத பூஜை என்னிக்கு? நவராத்திரி முடியற அன்னிக்கு. பதினேழாம் தேதிலேர்ந்து அதுக்கு ரெண்டு வாரம் இருக்கு. பொய் சொல்றதுக்குக்கூட பஞ்சாங்கம் பாக்க வேண்டாமா?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. ரோஹிணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால், எதிரே இருப்பவர் வசமாக எதையோ உளறியிருக்கிறார் என்று அர்த்தம்.

"டர்போன்னா நிறையச் செலவாகுமே சார். பையனுக்கு ஏது அவ்வளவு பணம்?"

"சொந்த சம்பாத்தியம்!" அனந்தகிருஷ்ணனின் நெஞ்சு ஒரு அங்குலம் முன்னால் வந்தது. "வீடியோ போடறான். நாற்பதாயிரம் பேர் பாக்கறா. ஸ்பான்சர் வரது. என் பைசா ஒண்ணுகூட அதுல கிடையாது. எங்க ஃபைனான்ஸ் வைத்தீஸ்வரன் இருக்காரே, பையன் காருக்கு என்னென்னவோ பண்ணிட்டு கிளப்ல ஒரே அலட்டல். எல்லாம் அப்பன் காசு. என் பையன் அப்படியில்லேன்னு அவர் மூஞ்சிக்கு நேராவே சொன்னேன். பதினெட்டு வயசுல நம்மால முடிஞ்சுதா சொல்லுங்கோ?"

பதினெட்டு வயசில் நான் சைக்கிளுக்கு ஒரு பெல் மாட்டினேன். அதுவும் செகண்ட் ஹாண்ட் பெல். இதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் ரோஹிணி எழுந்துவிட்டாள்.

"காரைக் கொஞ்சம் பாக்கலாமா?"

தீபக் கீழே பார்க்கிங்கில் காருக்குப் பக்கத்தில்தான் இருந்தான். காருக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவனுக்கு முழுநேர வேலை என்று பிறகு தெரிந்துகொண்டோம். பிளஸ் டூ பாஸ் பண்ணியதற்காக அப்பா வாங்கித் தந்த பழைய சிவப்பு ஹாட்ச்பேக். கண்ணாடிகளில் கறுப்பு, சக்கரங்களில் தங்கக் கலர், பின்னால் அடுக்களைப் புகைபோக்கி சைஸில் சைலன்ஸர். பானட்டின் மேல் குறுக்கே ஒரு பெரிய ஸ்டிக்கர். 'டர்போ ஸ்டேஜ் டூ' என்று நெருப்பு எழுத்து. கடைசி எழுத்து பானட்டில் இடம் போதாமல் இடுக்கைத் தாண்டிப் பக்கத்துத் தகட்டின் மேலும் ஏறி ஒட்டியிருந்தது.

"ஸ்டேஜ் டூன்னா என்ன ப்ரோ?" என்று கேட்டேன்.

"ஸ்டேஜ் ஒன்னுக்கு அடுத்தது ப்ரோ."

இவ்வளவு ஞானத்தை இத்தனை சின்ன வயசில் எப்படித் தாங்குகிறான் என்று வியந்தேன். அவன் சாவியைத் திருகினான். கட்டிடமே அதிர்ந்தது. பார்க்கிங்கில் குடியிருந்த புறாக்கள் மொத்தமும் காலி செய்துகொண்டு கிளம்பின. வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது.

"கேட்டீங்களா? டர்போ!" என்றான் தீபக்.

"கேட்டது. பானட்டைத் திறக்கறியா, அதையும் பாத்துடலாம்" என்றாள் ரோஹிணி.

"ஐயோ, இப்ப கூடாது மேடம். இஞ்சின் சூடா இருக்கு."

"இப்பதானே ஸ்டார்ட் பண்ணினே?"

"டர்போ சட்டுனு சூடாயிடும். அப்புறம் நாமளே திறந்தா வாரண்டி போயிடும். கராஜ்லதான் திறக்கணும்."

ரோஹிணி வற்புறுத்தவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தில் விரலை ஓட்டினாள். "அழகா இருக்கு. எப்போ ஒட்டினே?"

புகழ்ச்சி என்றால் பையனுக்கு மூளை லீவு எடுத்துக்கொள்ளும் போல. "பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கு மேடம்! ஒட்டறதையே ஒரு ரீல் போட்டேன், அது செம வைரல். பூஜைக்கு மேல வரலேன்னு அம்மா கொழுக்கட்டைகூடத் தரலை."

"அதுக்கப்புறம் பிச்சு மறுபடி ஒட்டினியா?"

"சான்ஸே இல்லை. இம்போர்டட் ஸ்டிக்கர், பிச்சா கிழிஞ்சுடும்."

அவன் போனில் அந்த வைரலை நானும் பார்த்தேன். பாராட்டி எழுதியவர்களில் பாதிப் பேருக்குப் பெயருக்குப் பதில் எண்கள்தான் இருந்தன, ஊர் பிரேசில் என்றிருந்தது. மீதிப் பேர் ஒரே நெருப்புப் படத்தை ஒரே மாதிரி மும்மூன்றாகப் போட்டிருந்தார்கள். பாலிகஞ்ச் பையனின் ஸ்டிக்கருக்கு பிரேசிலில் இவ்வளவு ரசிகர்களா என்று ஆச்சரியப்பட்டேன்.

ஆட்டோவில் ஏறியதும் அடக்கி வைத்ததைக் கொட்டினேன். "மேடம், பதினேழாம் தேதி விஸ்வகர்மா பூஜை! இந்த ஊர்ல அன்னிக்கு எந்த மெக்கானிக் ஸ்பேனரைத் தொடுவான்? ஸ்பேனருக்கே மாலை போட்டு உக்கார வெச்சிருப்பாங்க. எல்லாப் பயலும் மொட்டை மாடியில பட்டம் விட்டுட்டு இருப்பான்."

"தெரியும். அனந்தகிருஷ்ணன் சார் வந்து இது முதல் புரட்டாசி. அவருக்கு வண்டிப் பூஜைன்னா நவராத்திரி கடைசியில வர்றதுதான். மது சொன்ன நிஜம் அவருக்குப் பொய்யாப் பட்டுது. மகன் சொன்ன பொய் நிஜமாப் பட்டுது."

"அன்னிக்கு ஊர் பூரா மைக் அலறியிருக்குமே, அவர் காதுல விழலையா?"

"இந்த ஊர்ல என்னிக்குத்தான் மைக் அலறலை? ஏ.சி. ரூம்ல இருந்து கேட்டா எல்லாம் ஒண்ணுதான்."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். தமிழ் புரிந்திருக்காது, விஸ்வகர்மா மட்டும் காதில் விழுந்திருக்கும். அனிச்சையாகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டுக்கொண்டார்.

"அப்போ பையன்தான் மேடம். அட்டிகையைத் தூக்கி டர்போவா மாத்திட்டான். அலிபியும் போச்சு. கேஸ் ஓவர். வழியில சிங்காடா சாப்பிடலாமா?"

"டர்போவை மாட்ட எதைத் திறக்கணும் கோபு?"

"பானட்டை."

"ஸ்டிக்கர் பானட் இடுக்கு மேல ஒட்டியிருக்கு. பிள்ளையார் சதுர்த்திலேர்ந்து ஒரு கீறல்கூட விழலை. கிழியாம அந்த பானட்டை யாரும் திறந்திருக்க முடியாது."

சிங்காடா என்னும் வங்காள சமோசாவின் மேல் இருந்த ஆசை எனக்கு அந்த இடத்திலேயே போய்விட்டது.

டாலிகஞ்சில் அந்த கராஜ் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. முதலாளி பாப்லா-தா ஒரு டாக்ஸியின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். ரோஹிணி வங்காளியில் கேட்டாள், அவர் வங்காளியில் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன், கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டு.

"பதினேழாம் தேதி வேலையா? யார் சொன்னது? விஸ்வகர்மா பாபாவுக்குப் பூஜை, கதவுப் பூட்டைத் திறந்ததைத் தவிர நான் ஒண்ணையும் தொடலை. அந்த மதராஸி பையன் வந்தான், ஆமாம். பூஜைக்கு வெச்சிருந்த ஒரு பழைய டர்போவைக் கையில எடுத்து வெச்சிட்டு வீடியோ எடுத்தான். செருப்புக் காலோட! என் அம்மா விரட்டி விட்டாங்க."

"அவன் கார்ல நீங்க என்னதான் மாட்டினீங்க?"

"சத்தம்." பாப்லா-தா டாக்ஸிக்கு அடியிலேயே சிரித்தார். "சைலன்ஸர் ஒண்ணு. டர்போன்னா என்ன விலைன்னு கேட்டான், சொன்னேன். அந்தப் பழைய காருக்கு அது தாங்காது, முதல் மாசமே இஞ்சின் போயிடும்னும் சொன்னேன். 'சத்தம் மட்டும் வர்ற மாதிரி பண்ணுங்க தாதா'ன்னான். பண்ணேன். என்கிட்ட வர்ற பசங்கள்ல பத்துக்கு ஒன்பது பேருக்கு அதுதான் வேணும்."

"அன்னிக்குக் கிச்சுரி யார் கிளறினாங்க?"

பாப்லா-தாவின் சிரிப்பு மறைந்தது. முழுசாக வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார். "அதை ஞாபகப்படுத்தாதீங்க. மது-தா. காலையிலேர்ந்து அண்டாவை விட்டு நகரலை, ஆனா உப்பு போடலை! காலனியே சாப்பிட்டுட்டு காலனியே திட்டுது, இன்னிக்கு வரைக்கும்."

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "பொய் சொல்றவன் நல்ல கிச்சுரி பண்ணினதாத்தான் சொல்லுவான். மது-தா சுத்தம். ஆனா பையன் டர்போவே மாட்டலை, அவனுக்கு எதுக்குப் பணம்? அட்டிகையை யார்தான் எடுத்தாங்க?"

"வீடு காலியா இருந்தாத்தான் எடுக்க முடியும்கறது வெளியாளுக்குக் கோபு. உள்ள இருக்கறவனுக்கு மாமி குளிக்கப் போனாப் போறும்." அவள் ஆட்டோவுக்குக் கை காட்டினாள். "எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த பானட்டுக்குள்ள டர்போ இருக்குன்னு யார் முழுசா நம்பறாங்கன்னு தெரியணும்."

திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ரோஹிணி எல்லாரையும் பார்க்கிங்குக்கு வரச் சொன்னாள். அனந்தகிருஷ்ணன் கம்ப்ளெயிண்டைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். மது இரண்டு கார்களுக்கு நடுவே, யார் மேலும் படாமல் நின்றார். மாமி மடிசார் இல்லாமல் சாதாரணப் புடவையில், கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறோடு நின்றாள்.

"முதல்ல ஒரு விஷயம்" என்றாள் ரோஹிணி. "மது-தா சொன்னது அத்தனையும் நிஜம். பதினேழாம் தேதி இந்த ஊர்ல விஸ்வகர்மா பூஜை. அன்னிக்குத்தான் இங்க வண்டிக்கும் டூல்ஸுக்கும் பூஜை பண்ணுவாங்க. அவர் நாள் பூரா டாலிகஞ்ச் கராஜ்ல இருந்ததுக்கு ஒரு காலனியே சாட்சி."

"ரெண்டாவது?" என்றார் அனந்தகிருஷ்ணன். மன்னிப்பு என்ற சொல் அவருடைய டிக்டேஷனில் கிடையாது.

"ரெண்டாவது இது." ரோஹிணி கார்க் கதவுக்குள் கையை விட்டு எதையோ இழுத்தாள். தீபக் "மேடம், வாரண்டி!" என்று பாய்ந்தான். நான் குறுக்கே நின்றேன். என் உடம்பு வாகு அந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவும்.

பானட் எழும்பியது. நெருப்பு எழுத்து 'டர்ர்' என்று குறுக்கே கிழிந்தது.

உள்ளே, கம்பெனி கொடுத்த நாளிலிருந்து யாரும் தொடாத அதே இஞ்சின் இருந்தது. மேலே ஒரு விரல் கனம் தூசி. பேட்டரிக்குப் பக்கத்தில் எலி ஒன்று கூடு கட்ட ஆரம்பித்து, சத்தம் தாங்காமல் பாதியில் விட்டுப் போன நாலு குச்சி.

"இந்தக் கார்ல டர்போ கிடையாது" என்றாள் ரோஹிணி. "எந்தக் காலத்துலயும் இருந்ததில்லை. இருக்கறது ஒரு சைலன்ஸர், ஒரு ஸ்டிக்கர்."

மாமி விழித்தாள். அவளுக்கு டர்போ இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. மது உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அனந்தகிருஷ்ணன் மட்டும் இஞ்சினுக்குள் தலையை விட்டார். இந்தப் பக்கம் தேடினார், அந்தப் பக்கம் தேடினார். வெளியே வந்தபோது நெற்றியில் கரி, கண்ணில் ரத்தம்.

பளார் என்று ஓர் அறை விழுந்தது.

"டர்போ எங்கடா? முழுசா எண்ணிக் கையில குடுத்தேனேடா உன்கிட்ட! என்னடா பண்ணினே அத்தனையும்?"

அவர் சொன்னது அவருக்கே காதில் விழச் சற்று நேரம் பிடித்தது. விழுந்ததும் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

ரோஹிணி கண்ணாடியைக் கழற்றினாள். "என் பைசா ஒண்ணுகூட இல்லேன்னு காலையில சொன்னீங்களே சார்?"

அவர் கம்ப்ளெயிண்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நிஜம்தான். உங்க பைசா ஒண்ணுகூட இல்லை. மாமியோட அம்மா பைசா."

தீபக்தான் முதலில் உடைந்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சொன்னான். "ஃபாலோயர்ஸ் வாங்கினேன்ப்பா. ரெண்டாயிரம் பேர்தான் இருந்தாங்க. ஆன்லைன்ல விக்கறாங்க. நாற்பதாயிரம் ஆனா ஸ்பான்சர் நிஜமாவே வரும், அப்புறம் நிஜ டர்போ மாட்டிக்கலாம்னு..."

மாமியின் தாயார் கழுத்தில் கிடந்த வைரம், பிரேசிலில் இல்லாத முப்பத்தெட்டாயிரம் பேராக மாறியிருந்தது. எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறேன். திருடிய பொருளை அனுபவிக்கக்கூடத் துப்பில்லாத அப்பன் பிள்ளையை அன்றுதான் பார்த்தேன்.

"விக்கலை ஜகா, அடகுதான் வெச்சேன்" என்றார் அனந்தகிருஷ்ணன். டிக்டேஷன் குரல் எங்கோ போயிருந்தது. "தீபாவளிக்குள்ள மீட்டு உள்ள வெச்சுடலாம்னு... அந்த வைத்தீஸ்வரன் கிளப்ல எல்லார் முன்னாடியும் என்னை..."

"அதுக்கு மதுவை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தேளா?"

மாமி இதைக் கத்தவில்லை.

"நீ போலீஸ் போலீஸ்னு நின்னே. நான் என்ன பண்றது? அவன்னா எப்படியாவது ரெண்டு நாள்ல வெளியில வந்துடுவான்..."

"அட்டிகை இன்னிக்கே வீட்டுக்கு வரணும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி. அடகுக் கடை மூடியிருக்கும்."

"ஸ்டேஷன் திறந்திருக்கும்." அவர் கையிலிருந்த கம்ப்ளெயிண்டை மாமி உருவிக்கொண்டாள். என் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்துக்கொண்டாள். திறந்திருந்த பானட்டை இறக்கி மூடி, அதன் மேலேயே வைத்து, மதுவின் பெயரை அடித்துவிட்டு மேலே எதையோ எழுதினாள். எழுதியது சின்னப் பெயரல்ல. அந்த இடத்தில் அடங்காமல் ஓரம் வரை போயிற்று.

பிறகு கம்பெனி கார் நின்ற பக்கம் திரும்பினாள். "மது, வண்டியை எடுப்பா. ஸ்டேஷன் வரைக்கும் போகணும்."

மது நகரவில்லை. பாக்கெட்டிலிருந்து கார்ச் சாவியை எடுத்தார், வீட்டுச் சாவியையும் எடுத்தார். இரண்டையும் கிழிந்த ஸ்டிக்கரின் மேல் சத்தம் வராமல் வைத்தார்.

"டாக்ஸி கூட்டிட்டு வரேன் மா. ஏத்தி விட்டுட்டுப் போறேன். நான் இன்னிக்கு லீவு."

"லீவா? எதுக்குப்பா?"

அவர் மாமியைப் பார்க்கவில்லை. நெற்றியில் கரியோடு நின்ற ஜெனரல் மேனேஜரை நேராகப் பார்த்தார்.

"பூஜை" என்றார்.

இந்தத் தடவை அனந்தகிருஷ்ணன் பஞ்சாங்கத்தை இழுக்கவில்லை.